நொங்கு வண்டிக்கு அச்சு எத்தனை விரல்?

உச்சிப்புளி,
பங்குனி 15

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று நீ வாட்ஸ்அப்பில் அடுக்கியிருந்த கேள்விகளை அம்மா வாசித்துக் காட்டினாள். நொங்கு வண்டிக்கு அச்சு எவ்வளவு நீளம், ஊத்து எவ்வளவு ஆழம், ஓலைக் கொழுக்கட்டைக்கு மாவு எவ்வளவு, எந்தப் பக்கத்துக் கடலில் பிள்ளைகளை இறக்கலாம். சித்தி பிள்ளைகளும் நீங்களுமாகப் பனங்காட்டிலும் கடற்கரையிலும் கிடந்த அந்தக் கோடைப் பத்து நாளை இப்போது உன் பிள்ளைகளுக்கும் நடத்திப் பார்க்க ஆசை என்கிறாய். சந்தோஷமெல்லாம் உனக்கு நினைவிருக்கிறது, அளவுதான் மறந்துபோயிற்று. அதனால் அளவை மட்டும் எழுதுகிறேன் தாயி. பழங்கதை பேச ஆரம்பித்தால் தாள் போதாது.

முதலில் நாள் குறிக்க வேண்டும். பரீட்சை முடிந்த கையோடு வந்துவிடு. மே 4 வாக்கில் அக்கினி நட்சத்திரம் பிறந்துவிடும், அதன்பின் காலை 9 மணிக்கே மணல் காலைச் சுடும். பத்து நாளின் நடுவில் அமாவாசை விழுகிற மாதிரி பார்த்துக்கொள். அமாவாசையை ஒட்டிக் கடல் நன்றாக வத்தும், பிள்ளைகள் நடந்து பார்க்க நிறையத் தரை கிடைக்கும். இரவில் நிலா இல்லாததால் வெள்ளியும் (நட்சத்திரம்) பார்க்கலாம். கடல் தினமும் ஒரே நேரத்தில் வத்தாது. இன்று காலை 6 மணிக்கு வத்தினால் நாளை 6.50, மறுநாள் 7.40 என்று தள்ளிக்கொண்டே போகும். முதல் நாள் ஒரு கம்பை நட்டு நேரத்தைக் குறித்துவிட்டால் மீதி நாளைப் பெரியவனே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவான். நம் கடலில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உயர வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடாது. ஆனால் தரை சரிவில்லாமல் கிடப்பதால் அந்தக் கொஞ்ச உயரத்துக்கே தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும்.

கடல் விஷயத்தில் மட்டும் அப்பா சொல்வதைக் கேள். வடகடல் (பாக் நீரிணை) பக்கம்தான் குளிக்க வேண்டும். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் வேண்டாம். பெண் கடல், ஆண் கடல் என்று ஊரில் சொல்வது சும்மா இல்லை. வைகாசியில் கச்சான் (தென்மேற்கு) காற்று எழுந்துவிட்டால் தென்கடல் அலையடிக்கும், வடகடல் குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்தால் இது அப்படியே தலைகீழாகிவிடும். நீ வருவது கோடையில், ஆகவே அரியமான், பிரப்பன்வலசைப் பக்கம் போதும். அரிச்சல்முனைக்குக் கூட்டிக்கொண்டு போ, 1964 டிசம்பர் புயலில் போன தனுஷ்கோடியைக் காட்டு. ஆனால் அங்கே கால் நனைக்கக்கூட விடாதே. இரண்டு கடலும் சேருகிற இடத்தில் நீவாடு (நீரோட்டம்) இழுக்கும். மேலே பார்த்தால் தெரியாது, காலடி மணல்தான் முதலில் நழுவும்.

குளிக்கிற இடத்தில் நாலு மூங்கில் கம்பை வரிசையாக ஊன்று. சின்னவளுக்கு இடுப்பளவு வருகிற இடம்தான் எல்லை, பெரியவனுக்கும் அதுவே. பெரியவர் ஒருவர் கம்புக்கு வெளியே, கடல் பக்கம், கரையைப் பார்த்தபடி நிற்க வேண்டும். கரையில் உட்கார்ந்து கைபேசியில் ஒரு கண்ணும் கடலில் ஒரு கண்ணுமாகப் பார்ப்பது காவல் ஆகாது. உடைந்த சிப்பி கிழிக்கும், பழைய கயிறு காலில் சுற்றும். அதனால் பின்வார் வைத்த ரப்பர் செருப்பு வாங்கி வா. நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடக்கச் சொல். மணலுக்குள் திருக்கை படுத்திருந்தால் சத்தம் கேட்டு ஓடிவிடும். மேலே மிதித்தால்தான் வாலைச் சுழற்றி முள்ளால் குத்தும். குத்திவிட்டால் பிள்ளை பொறுக்கிற சூட்டுக்கு வெந்நீர் வைத்து அரைமணி நேரமாவது காலை அதில் அமிழ்த்து. அந்த விஷம் சூட்டில்தான் அடங்கும். வலி குறைந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, முள் துண்டு உள்ளே நின்றிருக்கலாம். வெந்நீரின் சூட்டை முதலில் உன் கையை விட்டுப் பார். வலியில் இருக்கிற பிள்ளைக்குக் கொதிப்பு தெரியாது, தோல் வெந்துபோகும்.

சொறி (ஜெல்லி மீன்) பட்டால் எல்லாரும் செய்கிற தப்பு, மணலை அள்ளித் தேய்ப்பதும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும். இரண்டுமே தோலில் ஒட்டியிருக்கிற கொடுக்கை இன்னும் வெடிக்க வைக்கும். கடல் தண்ணீராலேயே அலசி, ஒட்டியிருக்கிற இழையைக் குச்சியால் எடுத்துப்போடு. பிறகு வெந்நீர் ஒத்தடம். மூச்சு இளைத்தாலோ முகம் வீங்கினாலோ ஒத்தடத்துக்கு நிற்காமல் வண்டி எடுக்க வேண்டியதுதான்.

ஊத்து தோண்டுவதைப் பற்றிக் கேட்டாயே. கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அதில் மாயம் ஒன்றும் இல்லை. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய ஏடு மாதிரி நிற்கிறது. அந்த ஏட்டைத் தொட்டு நிறுத்தத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அலை வந்து தொடுகிற கோட்டை ஒட்டித் தோண்டாதே. மணல்மேட்டுக்கு உள்பக்கம், பச்சைக் கொடி படர்ந்திருக்கிற பள்ளமாகப் பார். வாய் 3 அடி அகலமாகவும் அடி சிறுத்தும் சரிவாகத் தோண்டு. நேர்க்குத்தாகத் தோண்டினால் காய்ந்த மணல் சரிந்து குழியை மூடிவிடும். ஈர மணல் தெரிந்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலும் சிரட்டையாலும் எடு. தண்ணீர் கசிந்து ஒரு சாண் நின்றால் அங்கேயே நிறுத்து. இன்னும் கொஞ்சம் என்று ஆழப்படுத்தினால் உப்பு மேலேறி வந்துவிடும், பிறகு எத்தனை நேரம் காத்திருந்தாலும் இனிக்காது. கோடை முற்ற முற்ற ஏடு மெலியும், ஆகவே மே மாதத்தில் ஆசை குறைவாக இருக்கட்டும். முதலில் ஊறுகிற கலங்கலை இரண்டு முறை இறைத்துப்போட்டுவிட்டு, மூன்றாவது ஊறலைச் சிரட்டையால் மெதுவாக மொள்ள வேண்டும். வாளியை முக்கி அள்ளினால் அடி கலங்கி அதுவும் உப்பாகிவிடும். நாக்கில் வைத்துப் பார்க்கலாம், குடிப்பதென்றால் கொதிக்க வைத்துத்தான். வேலை முடிந்ததும் குழியை மூடு. ஆடும் நாயும் இரவில் விழும்.

இப்போது நொங்குக்கு வருகிறேன். நொங்கு இளசாகக் கிடைத்தால்தான் இந்தப் பத்து நாள் ருசிக்கும். சீவின கண்ணில் பெருவிரலை வைத்து அழுத்து. தயிர் மாதிரி அமுங்கி உள்ளே தண்ணீர் தளும்பினால் அது இளசு. அமுங்காமல் ரப்பர் மாதிரி எதிர்த்தால் கடுக்காய், வயிறு வலிக்கும், பிள்ளைகளுக்குக் கொடுக்காதே. ஒரு காயில் சாதாரணமாக மூன்று கண் இருக்கும், இரண்டும் வரும். சீவுவது பெரியவர் வேலை. அரிவாள் வழுக்கினால் விரல் போய்விடும். உள்ளே சுளையை மூடியிருக்கிற தோல் துவர்க்கும். வேண்டாமென்று உரித்துவிட்டால் அதை எறியாமல் பிள்ளைகள் முதுகில் வேர்க்குரு மேல் தேய்த்துவிடு, குளிர்ச்சியாக இருக்கும்.

வண்டிக்கு, சுளை எடுத்த கூடுகளில் ஒரே அளவாக இரண்டைத் தேர்ந்தெடு. ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால் வண்டி சின்னதின் பக்கமே வட்டமடிக்கும். அச்சுக்கு வேலிக்கருவைக் குச்சி, சுண்டுவிரல் கனம், ஒரு சாண் நீளம், விரல் கணக்கில் சொன்னால் 12 விரல். இரண்டு முனையையும் பென்சில் மாதிரி கூராக்கி, கூட்டின் முதுகுப் பக்கத்தில் நட்ட நடுவாகக் குத்தி இறக்கு. நடு தப்பினால் வண்டி நொண்டும். தள்ளுவதற்கு 3 முதல் 4 அடியில் கவைக் கம்பு, அது அவரவர் நெஞ்சு உயரத்துக்கு வந்தால் நல்லது. கவை அச்சின் மேல் கவிழ்ந்து உட்கார வேண்டும். கவை அகலமாக இருந்தால் சக்கரத்தில் உரசி நிற்கும், குறுகலாக இருந்தால் அச்சு சுழலாமல் இறுகிக்கொள்ளும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 4 விரல் இடைவெளி விட்டால் சரியாக இருக்கும். முதல் நாள் சிட்டாய்ப் பறக்கிற வண்டி மறுநாள் கழன்று விழும், ஏனென்றால் கூடு காய்ந்து சுருங்குகிறது, ஓட்டை பெரிதாகிறது. இரவில் ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் இரண்டு நாள் தாங்கும். அதற்குமேல் ஒக்கிட்டுக்கொண்டிருக்காமல் புதுசு தின்று புதுசு செய்ய வேண்டியதுதான், பிள்ளைகளுக்கு அதில் ஒரு வருத்தமும் இராது.

ஓலை வேலைக்குக் குருத்தோலை வேறு, சாரோலை (விரிந்த ஓலை) வேறு. குருத்து வெளுப்பாக, மடக்கினால் உடையாமல் இருக்கும், காத்தாடிக்கும் கிலுகிலுப்பைக்கும் அதுதான். ஒரு மரத்தில் குருத்தை ஒட்ட வெட்டிவிடக் கூடாது, மரம் போய்விடும். வெட்டுவதைப் பனையேறியிடம் விட்டுவிடு. காத்தாடிக்கு ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம். ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு, ஒரு நுனியை முன்பக்கமும் மறு நுனியைப் பின்பக்கமும் கொஞ்சம் மடித்துவிடு. இரண்டையும் ஒரே பக்கம் மடித்துவிட்டுச் சுற்றவில்லை என்று பிள்ளைகள் அழும். நடுவில் உடைமுள்ளைக் குத்தி, முள்ளை இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் இழுத்து ஓட்டையைத் தளர்த்தி, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, வேப்பங்குச்சியின் முனையில் இறக்கு. குத்தின முள்ளின் கூரைக் கடைசியில் ஒடித்துவிட மறக்காதே. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடப்போகிறார்கள்.

பதனி குடிக்கிற பட்டைக்குச் சாரோலை. கிழியாமல் ஒட்டியிருக்கிற பகுதியில் 8, 10 மடிப்பை எடுத்து, நடுவை விரித்துக் குழியாக்கி, நுனிகளைச் சேர்த்து ஓலைக் கீற்றாலேயே கட்டினால் தோணி மாதிரி நிற்கும். பதனியை வெயில் ஏறுமுன் குடித்துவிட வேண்டும். புளிக்காமல் இருக்கத்தான் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பு குறைந்தால் கள்ளாகிவிடும், கூடினால் நாக்கு பொத்துப்போகும். வாங்கி வந்ததும் கால்மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டுத் தெளிவை மட்டும் ஊற்று, அடிமண்டியைக் கொட்டிவிடு. ஒரு பிள்ளைக்கு ஒரு டம்ளர் போதும். இரண்டு டம்ளர் குடித்தால் மத்தியானத்துக்குள் வயிற்றைக் கலக்கிவிடும்.

கருப்பட்டி காய்ச்சுவதைக் காட்ட ஒரு நாள் காலையில் சாயல்குடிப் பக்கம் போய்வாருங்கள். ஏறத்தாழ 10 லிட்டர் பதனி காய்ந்தால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. இந்தக் கணக்கைக் கண்ணால் பார்த்த பிள்ளை விலை அதிகம் என்று ஒருநாளும் சொல்லாது. நுரை பொங்கி வழிய வரும்போது ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவார்கள், நுரை அமர்ந்துவிடும். பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, அது கரையாமல் உருண்டால் இறக்கிச் சிரட்டையில் வார்ப்பார்கள். பதத்துக்கு முன்னே இறக்கினால் பிசுபிசுக்கும், பிந்தினால் அடிப்பிடித்துக் கசக்கும். அடுப்பிலிருந்து பத்தடி தள்ளிப் பிள்ளைகளை நிறுத்து. கொதிக்கிற பாகு தெறித்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் கருப்பட்டியில் அன்றைக்கே ஓலைக் கொழுக்கட்டை செய்யலாம். இதோ அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். வறுத்த பச்சரிசி மாவு அரைக் கிலோ, கருப்பட்டி 350 கிராம், அரை மூடித் தேங்காய்த் துருவல், ஏலக்காய் 5, சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. கருப்பட்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டுக் கட்டாயம் வடிகட்டு. மண் இருக்கும், பல்லில் நறநறக்கும். சூடான கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக மாவில் விட்டுப் பிசை. முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டாதே, மாவுக்கு மாவு குடிக்கிற அளவு மாறும். பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. தளர்ந்துவிட்டால் வேகும்போது ஓலையை விட்டு வழிந்துவிடும். குருத்தோலையை ஒரு சாண் துண்டுகளாக நறுக்கித் துடைத்து, மடிப்புக்குள் மாவை விரல் கனத்தில் அழுத்தி, மேலே இன்னொரு ஓலையால் மூடி, கீற்றால் மூன்று இடத்தில் கட்டி, ஆவியில் 20 முதல் 25 நிமிஷம் வேகவை. ஓலை பழுப்பேறி வாசனை வீடு முழுக்க வந்தால் வெந்துவிட்டது. கட்டுவது பிள்ளைகள் வேலை. கோணல்மாணலாகத்தான் கட்டுவார்கள், திருத்தாதே என்கிறாள் அம்மா.

மீனுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது. நீ சிறுமியாக இருந்தபோது 45 நாள்தான். வல்லம் என்கிற நாட்டுப் படகுக்கும் கரைவலைக்கும் தடை இல்லாததால் நல்ல மீன் கொஞ்சமாக வரும், விலைதான் கூட. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கைத்தூண்டில் செய்து கொடு. 20 மீட்டர் தங்கூசியை (நைலான் தூண்டில் நூல்) தண்ணீர் பாட்டிலில் சுற்றி, கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கு, இல்லையென்றால் முதல் வீச்சிலேயே மொத்தமும் கடலுக்குப் போய்விடும். 10ஆம் நம்பர் முள், அதற்கு ஒரு சாண் மேலே சின்ன ஈயக்குண்டு, இரைக்கு இறால் துண்டு. கிழங்கானும் ஊடகமும் மணல் தரையில் கடிக்கும். தங்கூசியைக் கையில் சுற்றிக்கொண்டு பிடிக்கவே கூடாது, இழுபட்டால் சதையை அறுக்கும். ஓராவும் கெளிறும் மாட்டினால் பிள்ளை கை படக் கூடாது, இரண்டுக்கும் முள்ளில் விஷம். சாக்கைப் போட்டு அமுக்கி, குறட்டால் தூண்டில் முள்ளைக் கழற்று.

பகல் தங்க சவுக்குத் தோப்பு நிழலே போதும். மணலில் பந்தல் போட்டே ஆக வேண்டுமென்றால் கம்பை 2 அடி புதைத்து, சுற்றிலும் ஈர மணலைப் போட்டு மிதிக்க வேண்டும். கயிற்றுக்கு முளைக்குச்சி அடித்தால் காய்ந்த மணலில் முதல் காற்றுக்கே பிடுங்கிக்கொள்ளும். உரச் சாக்கில் மணலை நிரப்பி, கழுத்தில் கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்துவிடு, அசையாது. காற்று வருகிற பக்கம் ஓலையைத் தாழ்த்திக் கட்டு.

கரையில் ஒதுங்குகிற பாசியைக் காட்டிப் பெயர் கேள். கஞ்சிப்பாசி நூல்நூலாக இருக்கும், கஞ்சி காய்ச்சுவார்கள். கட்டக்கோரையில் சின்னச் சின்னக் காற்றுக்குமிழ் இருக்கும், நசுக்கினால் பட்டென்று வெடிக்கும். மரிக்கொழுந்துப் பாசிக்காகத்தான் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறைப் பக்கம் முங்குகிறார்கள். பாசியையும் வெறும் சிப்பியையும் பார்க்கட்டும், பொறுக்கட்டும். பவளக் கல்லையோ கடல்குதிரையையோ கடல் அட்டையையோ, செத்துக் கிடந்தாலும், பைக்குள் போடவிடாதே. 2001 முதல் அவை வனவிலங்குச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன, புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம். தூத்துக்குடி வரைக்கும் வரிசையாக இருக்கிற 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அழைத்துப்போகிறேன் என்று யாராவது சொன்னால், வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் படகில் ஏறு.

இரவு 9 மணிக்கு எல்லாரையும் மணலில் மல்லாக்கப் படுக்கப் போடு. நம் ஊரிலிருந்து துருவ நட்சத்திரமும் தென்சிலுவையும் ஒரே வானத்தில் தெரியும், மே மாதம் அதற்கு ஏற்ற மாதம். தெற்கே கடலுக்குமேல் கையை நீட்டி விரல் மடக்கின முட்டிக் கை இரண்டை அடுக்கினால் அந்த உயரத்தில் சிலுவை நிற்கும். வடக்கே ஏழு முனிவர் கூட்டத்தின் முகப்பில் இருக்கிற இரண்டு வெள்ளியைக் கோடு போட்டு, அந்த இடைவெளியைப் போல ஐந்து மடங்கு நீட்டினால் துருவம். அது ஒரே ஒரு முட்டிக் கை உயரம்தான், மங்கல், தொடுவானத்தில் புழுக்கம் இருந்தால் தெரியாது. தெரியாத நாளில் தெரிகிறது என்று சொல்லிவிடாதே. சின்னவள் விடமாட்டாள்.

வரும்போது வாங்கி வர வேண்டியது: தங்கூசி 0.35 கனத்தில் ஒரு சுருள், 10ஆம் நம்பர் முள் இரண்டு டஜன், மூக்கு நீண்ட குறடு ஒன்று, பின்வார்ச் செருப்பு எல்லாருக்கும் ஒரு அளவு பெரிதாக, ஏனென்றால் ஈரத்தில் கால் ஊறும். உப்பும் மோரும் பச்சரிசியும் இங்கே இருக்கின்றன. ராமநாதபுரத்தில் இறங்கினால் போதும், வண்டியோடு நிற்கிறேன். அரிவாளைச் சாணைக்குக் கொடுத்திருக்கிறேன், வேலிக்கருவைக் குச்சி பன்னிரண்டு வெட்டி நிழலில் காயப்போட்டாயிற்று. ஒவ்வொன்றும் 12 விரல், என் விரலுக்கு.

அன்புடன்,
அப்பா